மாரடைப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நோய்

அன்புள்ள தம்பிக்கு,

ராயபுரம் பக்கம் பழைய ஆட்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று சொல்லும் ஸ்டான்லி மருத்துவமனையில் நர்சிங் படிக்கச் சேர்கிறாய். எண்ணூர், திருவொற்றியூர், காசிமேட்டிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவர்களை அங்கே பார்ப்பாய். பெரும்பாலோருக்குக் காரணம் தெரிந்ததுதான்: பீடி, சிகரெட், சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு. வெகு சிலருக்கு மட்டும், யாரும் இன்னும் கண்டுபிடிக்காத புற்றுநோய் மாரடைப்பாக முதலில் தலைகாட்டும்.

பாரிஸ் மருத்துவர் ஆர்மான் துருசோ 1865-இல், காரணம் தெரியாமல் சிரைகளில் ரத்தம் உறைந்தால் உள்ளே புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் எனப் பாடம் நடத்தினார். பிறகு தன் உடலிலேயே அப்படி ஓர் உறைவைக் கண்டு, தான் பிழைக்கப் போவதில்லை என்று மாணவரிடம் சொன்னார். 1867-இல் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார்.

சிரையில் நடப்பது தமனியிலும் நடக்கும். சில புற்றணுக்கள் ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களை வெளியிடுகின்றன, தட்டணுக்களையும் தூண்டிவிடுகின்றன. உறைந்த ரத்தம் இதயத் தமனியை அடைத்தால் மாரடைப்பு, மூளைத் தமனியை அடைத்தால் பக்கவாதம்.

அமெரிக்காவில் 67 வயதும் அதற்கு மேலும் ஆன 3,74,331 புற்றுநோயாளிகளை, அதே எண்ணிக்கையில் புற்றுநோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் ‘பிளட்’ இதழில் வந்தது. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஐந்து மாதம் முன்பிருந்தே மாரடைப்பும் பக்கவாதமும் கூடியிருந்தன. கடைசி ஒரு மாதத்தில் பத்தாயிரம் பேரில் 62 பேருக்கு வந்தது; மற்றவர்களில் 11 பேருக்குத்தான். நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்களில் இது அதிகம்.

ஆனாலும் இது வெகு சிலருக்கு மட்டுமே என்பதால், மாரடைப்பு வந்த எல்லோருக்கும் உடல் முழுக்க ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. முதலில் கேள்வி கேட்டாலே போதும். சில மாதங்களாகக் காரணமில்லாமல் எடை குறைந்ததா? இருமல் விடாமல் இருக்கிறதா, சளியில் ரத்தம் வருகிறதா? மலம் கறுப்பாகப் போகிறதா? ரத்தசோகை இருந்தால், அது எதனால்? புகைபிடிப்பவரிடம் இவற்றைக் கட்டாயம் கேள். புகையிலை இதயத்தையும் கெடுக்கும், நுரையீரலையும் கெடுக்கும்.

இதயத் தமனியில் ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுவார்கள். மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம் வந்தால் “மாத்திரைச் சூடு” என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். குடலிலோ சிறுநீர்ப்பையிலோ மறைந்திருக்கும் கட்டியிலிருந்தும் இந்த மாத்திரைகளால் ரத்தம் கசியக்கூடும். அப்படித்தான் சிலருக்குப் புற்றுநோய் சீக்கிரமே தெரியவருகிறது. பயந்துபோய்த் தாங்களாகவே மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளக்கூடும். மாத்திரையை விடாமல் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கச் சொல். நோயாளி உன்னிடம் சொன்னதைக் கேஸ் ஷீட்டில் எழுது. ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் வாய்விட்டும் சொல்.

அன்புடன்,
அக்கா