பழந்தமிழ்ச் சொற்களும் பொருள் மாற்றமும்

சைவ ஆலயங்களில் பூசை நிறைவில் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் என்னும் பஞ்சபுராணம் ஓதுவது தொன்றுதொட்டு வரும் மரபாகும். சின்னஞ்சிறு பிள்ளைகளும் இவற்றை மனனஞ் செய்து பண்ணோடு பாடுவது கேட்போர் உள்ளத்தை உருக்கும். ஆயினும் பாடும் பாட்டின் பொருள் பிள்ளைக்குத் தெரியுமா என்பது பெற்றோரும் பெரியோரும் சிந்திக்க வேண்டிய விடயமாகும். மாணிக்கவாசக சுவாமிகள் சிவபுராணத்தின் நிறைவிலே, பாட்டின் பொருளை உணர்ந்து சொல்லுவோரையே சிவபுரம் செல்வோராகக் காட்டுகின்றார். ஓதினால் மட்டும் போதாது, உணர்ந்து ஓத வேண்டும் என்பதே இதன் கருத்து.

பொருளை உணர்வதற்கு ஒரு பெருந்தடை உண்டு. அன்று வழங்கிய சொல் இன்றும் வழங்குகின்றது. ஆனால் பொருள் மாறிவிட்டது. தெரியாத சொல்லை அகராதியில் தேடலாம். தெரிந்த சொல் என்று நினைப்பதை எவரும் தேடுவதில்லை. பிழை நேர்வது அங்கேதான். இதற்குச் சில எடுத்துக்காட்டுக்களை நோக்குவோம்.

கோயில்: கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. அரசன் வாழும் மாளிகையே முதலில் கோயில் எனப்பட்டது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி நீதி கேட்டுச் சென்றது பாண்டியன் கோயிலுக்கே. அந்நூலின் ஊர்காண் காதையில் சிவபெருமான் உறையும் இடமும் கோயில், மன்னவன் மாளிகையும் கோயில். திருமால் உறையும் இடம் நியமம் எனவும், முருகன் உறையும் இடம் கோட்டம் எனவும் கூறப்படுகின்றன. காலப்போக்கில் அரசன் மாளிகை அப்பெயரை இழக்க, இறைவன் உறையும் இடத்துக்கே அது நிலைத்தது.

இறை: இச்சொல்லும் அவ்வாறே. திருக்குறளில் இறைமாட்சி என்னும் அதிகாரம் அரசனது சிறப்பைக் கூறுவது. அரசனுக்குச் செலுத்தும் வரியும் இறை எனப்பட்டது. கல்வெட்டுக்களிலே கோயிலுக்கு இறையிலியாக நிலம் விடப்பட்டது என்றால், வரி நீக்கப்பட்ட நிலம் என்பது பொருள். இறைவன் இல்லாத நிலம் என்று இன்றைய வழக்கைக் கொண்டு வாசித்தால் தருமசாதனத்தின் கருத்தே தலைகீழாகிவிடும்.

நாற்றம்: இன்று இச்சொல்லைக் கேட்டால் மூக்கைப் பொத்துவோம். திருவள்ளுவரோ மலரும் அரும்பினுள் அடங்கியிருக்கும் நறுமணத்தை நாற்றம் என்கிறார். கண்ணனின் திருவாய் கற்பூரம் போல் மணக்குமோ, தாமரை போல் மணக்குமோ எனச் சங்கைப் பார்த்து வினவும் ஆண்டாளும் நாறுதல் என்ற சொல்லையே கையாள்கின்றார். நல்லதைக் குறித்த சொல் இழிந்த பொருளுக்கு இறங்கிவிட்டது.

வேலை: இன்று கந்தோர் வேலையும் தோட்ட வேலையும் நினைவுக்கு வரும். தேவாரத்தில் வேலை என்பது கடலையும் கடற்கரையையும் குறிக்கும். திருவெண்காட்டைப் பாடும் திருஞானசம்பந்தர் அவ்வூரின் கடல்வளத்தைச் சொல்ல இச்சொல்லை ஆண்டுள்ளார்.

பறைதல்: யாழ்ப்பாணக் கிராமங்களில் முதியோர் வாயில் இது பேசுதலைக் குறிக்கும். தேவாரத்தில் பாவம் பறையும், வினை பறையும் என்று வருமிடத்து அழிந்துபோகும் என்பதே பொருள். பேச்சு வழக்கை அங்கே புகுத்தினால் பாவம் பேசுவதாக முடியும்!

கிழவன்: என்றும் இளையவனாகிய முருகப்பெருமானைத் திருமுருகாற்றுப்படை தன் நிறைவில் மலைக்குக் கிழவோன் என்கிறது. இதனைக் கேட்ட பிள்ளை, முருகன் எப்போது கிழவனானார் என்று கேட்டால் அது குற்றமன்று. கிழமை என்றால் உரிமை. கிழவோன் என்றால் உரியவன். தொல்காப்பியம் இளந்தலைவனையும் கிழவன் என்றே குறிக்கும். ஞாயிற்றுக்குரிய நாள் ஞாயிற்றுக்கிழமை ஆனதும் இதனாலேயே.

வெறி: இன்று யாழ்ப்பாணத்தில் இது குடிமயக்கத்தைக் குறிக்கும். சங்க இலக்கியத்தில் வேலன் முருகனை வழிபட்டு ஆடும் ஆட்டம் வெறியாட்டு எனப்பட்டது.

கழகம்: இன்று ஊர்தோறும் விளையாட்டுக் கழகங்கள் உண்டு. உயர்கல்வி நிலையமும் பல்கலைக்கழகமே. திருக்குறளில் சூது என்னும் அதிகாரத்திலோ கழகம் சூதாடும் இடமாகும். இழிந்த இடத்தைக் குறித்த சொல்லும் உயர்வடையலாம் என்பதற்கு இது சான்று.

இறும்பூது: வாழ்த்துச் செய்திகளில் மகிழ்ச்சியும் பெருமையும் தோன்ற இச்சொல் எழுதப்படுகின்றது. பழைய நூல்களில் இதன் பொருள் வியப்பு என்பதாகும்.

இவ்வாறு சொற்கள் உயர்வதும் இழிவதும் இடம்பெயர்வதும் வாழும் மொழிக்கு இயல்பு. அது குறையன்று. ஆனால் முன்னோர் இதற்கேற்ற பயிற்சியும் வைத்திருந்தனர். திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே மாணாக்கர் நிகண்டை மனனஞ் செய்தனர். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்துத் தருவது. 1842ஆம் ஆண்டிலேயே மானிப்பாய் அகராதி எனப்படும் யாழ்ப்பாண அகராதி அச்சேறியது. இத்தகைய பெருமை வாய்ந்த மண்ணிலே பிள்ளைகள் பொருளறியாது ஓதுவது பொருந்தாது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அறநெறிப் பாடசாலைகளில் வாரம் ஒரு பாடலை எடுத்து, அதிலுள்ள சொற்களுக்கு அன்றைய பொருள் என்ன, இன்றைய பொருள் என்ன என்று இரு நிரலாக எழுதச் செய்தால் போதும். ஓராண்டில் ஐம்பது பாடல்கள் பிள்ளையின் உள்ளத்தில் பொருளோடு பதியும். வீட்டிலுள்ள முதியோரும் தாம் அறிந்த பழஞ்சொற்களைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தல் வேண்டும்.

அடுத்த மகோற்சவத்தில் பஞ்சபுராணம் ஓதும் பிள்ளை, ஓதி முடித்ததும் ஒரு சொல்லுக்கேனும் உரிய பொருளைச் சொல்லுமாயின் அதுவே இறைவன் திருமுன் சாத்தும் நன்மலராகும். உணர்ந்து ஓதும் பேற்றினை எல்லோருக்கும் எம்பெருமான் அருள்வாராக.