நோயாளிக்குத் துணை இருப்பவர்களுக்குச் சில சாப்பாட்டுக் குறிப்புகள்

ஆஸ்பத்திரியில் படுத்தவர் மெலிந்தால் நோயின்மேல் பழி போடுகிறோம். பல சமயம் காரணம், அவர் ஒதுக்கி வைத்த தட்டுதான். ஊட்டம் குறைந்த உடம்பில் புண் ஆற நாளாகும், தொற்று எளிதில் வரும், படுக்கைப் புண்ணும் சேரும்.

1. சேர்க்கும் அன்றே எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்குள் 60 கிலோ 54 ஆகியிருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய எடை தெரியாதா? வளையல் கழன்று விழுகிறதா, பெல்ட்டில் புது ஓட்டை போட்டார்களா என்று பாருங்கள். குண்டாக இருப்பவருக்கும் ஊட்டக்குறைவு வரும். கால் வீக்கம் எடைக் குறைவை மறைத்துவிடும்.

2. "டிரிப்ஸ்தான் ஏறுதே" என்று இருந்துவிடாதீர்கள். 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, சுமார் ஐந்து டீஸ்பூன். நூறு கலோரிகூடத் தேறுவது கடினம். புரதம் துளியும் கிடையாது. சலைன் பாட்டிலில் அந்தச் சர்க்கரையும் இல்லை.

3. தெளிந்த கஞ்சி, பிரெட், ரஸ்க் மட்டும் பல நாள் ஓடக் கூடாது. 60 கிலோ உள்ள நோயாளிக்கு நாளொன்றுக்குப் பொதுவாக 70 கிராம் அளவுக்குப் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அதே அளவு. கஞ்சியில் பயத்தம்பருப்பைக் குழைய வேகவிடுங்கள். பொட்டுக்கடலை மாவோ பால் பவுடரோ கலக்குங்கள். அளவு ஏறாமல் சத்து ஏறும்.

4. ஆபரேஷன் ஆனவருக்குப் பருப்பு, முட்டை, மீன் கொடுத்தால் சீழ் வைக்கும் என்று பார்க்க வருகிற பெரியவர்கள் சொல்வார்கள். சீழ் கிருமியால் வருவது. புண்ணை மூட உடம்புக்கு வேண்டியதே புரதம். அதை நிறுத்துவது கொத்தனாருக்குச் செங்கல் தராமல் சுவர் கேட்பது போல. எப்போது ஆரம்பிக்கலாம் என்பதை டாக்டரிடம் கேளுங்கள், பக்கத்துப் படுக்கையிடம் அல்ல.

5. ஸ்கேன், எண்டோஸ்கோபி, ஆபரேஷன் என்று வெறும் வயிற்றில் வைப்பார்கள். அது நாளைக்குத் தள்ளிப்போனால் உடனே நர்ஸிடம், "இப்போ சாப்பிடக் கொடுக்கலாமா?" என்று கேளுங்கள். கேட்காவிட்டால் அன்றைய பொழுது பட்டினியிலேயே போகும்.

6. முழுத் தட்டா, பாதியா, கால்தானா என்று ஒரு நோட்டில் எழுதி, ரவுண்ட்ஸ் வரும்போது காட்டுங்கள். "சாப்பிட்டார்" என்ற ஒற்றைச் சொல் டாக்டருக்குப் பயன்படாது. இரண்டு மூன்று நாள் பாதிக்கும் குறைந்தால் டயட்டீசியனை அனுப்பச் சொல்லுங்கள். சுவிட்சர்லாந்தில் ஊட்டக்குறைவு அபாயத்தில் இருந்த 2,000க்கும் மேற்பட்டோரை வைத்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆளுக்கேற்பத் திட்டமிட்டு உணவு தரப்பட்டவர்களில் 30 நாளில் இறந்தோர் 7 சதவீதம். வழக்கமான ஆஸ்பத்திரி உணவு உண்டவர்களில் 10 சதவீதம்.

7. பல்செட், கண்ணாடி இரண்டையும் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். சாப்பிடும்போது சாய்த்து உட்கார வையுங்கள். மூன்று வேளைக்குப் பதில் ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக.

8. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும்போது இருமல், புரையேறல் இருந்தால் வாயில் எதுவும் கொடுக்காமல் உடனே சொல்லுங்கள். சிறுநீரகம், ஈரல் கெட்டவர்களுக்கும் சர்க்கரை நோயாளிக்கும் மேலே சொன்ன அளவுகள் மாறும். இளநீர்கூடச் சிறுநீரக நோயாளிக்கு ஆபத்தாகலாம். பல நாள் சரியாகச் சாப்பிடாதவருக்கு ஒரேயடியாக நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் உப்புகள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். டாக்டர் சொல்லும் அளவில் மெல்லக் கூட்டுங்கள்.

9. வீட்டுக்கு வந்ததும் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். தொடர்ந்து இறங்கினால் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகள் வேளைவாரியாக இருக்கும். சாப்பாட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றால், எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.