ஆர்க்கிடெக்ட் ஆக விரும்பும் பிள்ளைகளுக்கு: முதலில் பட்டத்தின் பெயரைப் பாருங்கள்



அமெரிக்காவில் நம் கோயில்கள் எழும்போது கர்ப்பகிருகம், விமானம், ராஜகோபுரம் ஆகியவற்றின் அளவுகளை ஸ்தபதி வகுத்துத் தருகிறார். ஆனால் கட்டட அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடங்களில் முத்திரையிட, அந்த மாநிலத்தின் உரிமம் பெற்ற நிபுணர் வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்க நம் பிள்ளைகளில் சிலருக்கு ஆசை வந்திருப்பது மகிழ்ச்சி.

எங்கள் மகளுக்கும் அந்த ஆசை இருந்தது. நல்ல பல்கலைக்கழகம், கட்டடக்கலையில் நான்கு ஆண்டு பி.எஸ். பட்டம். முடித்ததும் ஆர்க்கிடெக்ட் ஆகிவிடுவாள் என்று நானும் என் மனைவியும் நம்பியிருந்தோம். உரிமம் பெற இன்னும் இரண்டு ஆண்டு முதுகலை படிக்க வேண்டும் என்பது மூன்றாம் ஆண்டில்தான் எங்களுக்குத் தெரிந்தது. கல்லூரி எதையும் மறைக்கவில்லை, நாங்கள்தான் கேட்கவில்லை. அதற்கென்று பணமும் சேர்த்து வைக்கவில்லை. அவள் கடன் வாங்கிப் படித்தாள். வேறொரு குடும்பத்துக்கு இது நேரக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

அடிப்படை விஷயம்

உரிமம் இல்லாதவர் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லித் தொழில் செய்ய மாநிலச் சட்டங்கள் இடம் தருவதில்லை. பெரும்பாலான மாநிலங்கள் உரிமத்துக்கு என்.ஏ.ஏ.பி. என்னும் வாரியம் அங்கீகரித்த பட்டத்தைக் கேட்கின்றன. அந்த வாரியம் அங்கீகரிப்பது பி.ஆர்க்., எம்.ஆர்க்., டி.ஆர்க். என்ற மூன்று பட்டங்களை மட்டுமே. பல்கலைக்கழகம் எவ்வளவு புகழ் பெற்றதாயினும், நான்கு ஆண்டு பி.எஸ்., பி.ஏ. பட்டங்கள் இதில் சேரா. நியூயார்க், கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் கூடுதல் பணி அனுபவத்தை ஈடாக ஏற்கின்றன. ஆனால் அந்த உரிமத்தோடு வேறு மாநிலத்துக்குப் போகும்போது சிக்கல் வரலாம்.

மூன்று வழிகள்

1. ஐந்து ஆண்டு பி.ஆர்க்.: கார்னெல், கார்னெகி மெல்லன், சிரக்யூஸ், வர்ஜீனியா டெக், சான் லூயிஸ் ஒபிஸ்போவிலுள்ள கால் பாலி போன்றவற்றில் உண்டு. செலவும் காலமும் குறைவான வழி. ஆனால் முதல் ஆண்டிலிருந்தே ஸ்டூடியோ வேலை நாளின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். பதினேழு வயதிலேயே மனம் உறுதியான பிள்ளைக்கு ஏற்றது. நடுவில் மனம் மாறினால் இழப்பு அதிகம்.

2. நான்கும் இரண்டும்: மிச்சிகன், பெர்க்லி, வர்ஜீனியா, ஜார்ஜியா டெக் ஆகியவற்றில் உள்ளதுபோல் நான்கு ஆண்டு இளங்கலை, பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டு எம்.ஆர்க். இடையில் வேலை பார்க்கலாம், வேறு துறைக்கும் திரும்பலாம். ஆனால் ஆறு ஆண்டுச் செலவை முதல் நாளே கணக்கிடுங்கள். வேறு கல்லூரியில் முதுகலை சேர்ந்தால் இரண்டு ஆண்டு மூன்றாகவும் நீளலாம்.

3. எந்த இளங்கலையும், பிறகு மூன்று முதல் மூன்றரை ஆண்டு எம்.ஆர்க்.: கணிதமோ ஓவியமோ படித்தவருக்கும் கதவு மூடவில்லை.

"சிவில் எஞ்சினியரிங் படித்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு. சிகாகோவில் 1970-களில் எழுந்த சியர்ஸ் டவரை, இன்றைய வில்லிஸ் டவரை, வடிவமைத்த ஆர்க்கிடெக்ட் புரூஸ் கிரஹாம். அது காற்றைத் தாங்கி நிற்கும் அமைப்பை வகுத்தவர், இன்றைய வங்காளதேசத்தில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் கான். இருவரும் வேண்டும், படிப்பு வேறு, உரிமமும் வேறு.

பட்டத்துக்குப் பின்

3,740 மணி நேரப் பணிப் பயிற்சியைப் பதிவு செய்ய வேண்டும். ஆறு பகுதிகள் கொண்ட தேர்வில் தேற வேண்டும். அதன் பிறகே உரிமம். தொடக்கச் சம்பளம் கணினித் துறையில் சேரும் நண்பர்களின் சம்பளத்தைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே கடன் வாங்குமுன் யோசியுங்கள்.

உயர்நிலைப் பள்ளியில்

இயற்பியலும் கால்குலஸும் படியுங்கள். தினமும் கையால் வரையுங்கள்: வீட்டுப் படிக்கட்டு, கோயில் மண்டபத் தூண், அட்டையில் செய்த சிறு மாதிரி எதுவானாலும் சரி. பல கல்லூரிகள் இவற்றின் தொகுப்பைக் கேட்கும். முடித்த படத்தோடு, அதற்கு முன் போட்டுப் பார்த்த கிறுக்கல்களையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கேட்க வேண்டியவை

• இந்தப் பட்டம் அங்கீகாரம் பெற்றதா? "எங்கள் பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றது" என்ற பதில் போதாது.
• நான்கு ஆண்டுப் பட்டம் என்றால், இங்கேயே எம்.ஆர்க். முடிக்க இன்னும் எத்தனை ஆண்டு?
• சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடிக்கிறார்கள்?
• ஸ்டூடியோவை மாலையில் வந்து பார்க்கலாமா?

கடைசிக் கேள்வி பிள்ளைக்காக. அங்கே பசை மணத்துக்கும் அட்டைத் துண்டுகளுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் மாணவர்களைப் பார்த்து, "நானும் இங்கே இருக்க வேண்டும்" என்று தோன்றினால், தயங்காமல் அனுப்புங்கள். எங்கள் மகளுக்கு அப்படித்தான் தோன்றியது. கடனை அடைத்துக்கொண்டிருந்தாலும், துறையை மாற்றியிருக்கலாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கணக்கை நாங்கள் முன்பே போட்டிருந்தால் அவள் பாரம் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.