கணக்குத் தப்பிய சிப்பும் கடைக்காரர் கற்க வேண்டிய பாடமும்



இன்று நம் கடைகளில் தராசுக்கு அடுத்தபடியாக நாம் நம்பியிருப்பது கம்ப்யூட்டரைத்தான். பில் போடுவதும், இருப்புப் பார்ப்பதும், ஜி.எஸ்.டி. கணக்குத் தயாரிப்பதும் அதில்தான் நடக்கின்றன. தராசுக்காவது முத்திரை வைக்க அரசாங்க அலுவலர் இருக்கிறார். கம்ப்யூட்டருக்கு முத்திரை வைப்பவர் யாரும் இல்லை. "மெஷின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று நாமும் இருந்துவிடுகிறோம்.

கம்ப்யூட்டரின் மூளை போன்ற பகுதிக்குப் பிராசஸர் என்று பெயர். அதுவும் மனிதன் செய்த சரக்குதான். அதிலும் பழுது வந்திருக்கிறது. உலகமறிந்த மூன்று பழுதுகளை இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் அறிய வேண்டிய விஷயமும் இதில் உண்டு; சரக்கு விற்பவர் அறிய வேண்டிய விஷயம் அதைவிட அதிகமாக உண்டு.

1. வகுத்தல் கணக்கில் வந்த பிழை (1994)

அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் 1993இல் பென்டியம் என்ற பிராசஸரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த தாமஸ் நைஸ்லி, பகா எண்களைப் பற்றிய நீண்ட கணக்கு ஒன்றை 1994இல் பென்டியத்தில் போட்டுக்கொண்டிருந்தார். விடை சரியாக வரவில்லை. தன் கணக்கிலும், சாப்ட்வேரிலும், மற்ற பாகங்களிலும் குறை இருக்குமோ என்று மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்தார். கடைசியில் குற்றவாளி பிராசஸர்தான் என்று முடிவாயிற்று.

காரணம் மிகச் சிறியது. வேகமாக வகுப்பதற்காக அந்தச் சிப்பின் உள்ளே வாய்ப்பாடு போல ஒரு அட்டவணை வைத்திருந்தார்கள். அதில் 1,066 இடங்களில் மதிப்பு இருக்க வேண்டும். ஐந்து இடங்கள் நிரப்பப்படாமல் விடுபட்டிருந்தன. அந்த ஐந்தில் ஒன்றைத் தொட நேர்ந்தால் விடை பிசகிவிடும்.

இதற்கு ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.333820449 வர வேண்டும். பழுதுள்ள பென்டியம் 1.333739068 என்று சொன்னது. லட்சம் ரூபாய்க்கு ஏறக்குறைய 6 ரூபாய் வித்தியாசம். எந்தக் கணக்கில் எப்போது வரும் என்று தெரியாது என்பதுதான் பெரிய கஷ்டம். தராசு எப்போதும் பத்து கிராம் குறைத்துக் காட்டினால் பழகிக்கொள்ளலாம். எப்போதாவது ஒரு தடவை மட்டும் குறைத்துக் காட்டும் தராசை என்ன செய்வது?

நைஸ்லி 1994 அக்டோபர் 24 அன்று இன்டெல்லுக்குத் தெரிவித்தார். திருப்தியான பதில் இல்லை. அக்டோபர் 30 அன்று மற்றவர்களுக்கும் எழுதினார். விஷயம் பரவியது. கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் ஆளாளுக்குத் தங்கள் மெஷினில் வகுத்துப் பார்த்தார்கள்.

இந்தப் பிழை அந்த ஆண்டுக் கோடையிலேயே இன்டெல்லுக்குத் தெரியும் என்பது பிறகு வெளிவந்தது. சாதாரணமாகக் கணக்குப் போடுபவருக்கு 27,000 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் பிழை வரும் என்று நிறுவனம் சமாதானம் சொன்னது. யாருக்கு நுட்பமான கணக்கு அவசியம் என்று நிரூபணமாகிறதோ அவருக்கு மட்டும் மாற்றித் தருவோம் என்றது. இதுதான் ஜனங்களின் கோபத்தைக் கிளப்பியது. காசு கொடுத்து வாங்கியவன், "எனக்குச் சரியான விடை தேவை" என்று மனுப் போட வேண்டுமா?

டிசம்பர் 12 அன்று ஐ.பி.எம். நிறுவனம் பென்டியம் வைத்த தன் கம்ப்யூட்டர்களை அனுப்புவதை நிறுத்தியது. அதிகமாகக் கணக்குப் போடுபவருக்கு 24 நாளைக்கு ஒரு முறையே பிழை வரக்கூடும் என்று அது சொன்னது. 27,000 ஆண்டு எங்கே, 24 நாள் எங்கே! இரண்டும் அவரவர் அனுமானத்தில் போட்ட கணக்குகள். ஆனால் வாடிக்கையாளர் யார் பக்கம் சாய்வார் என்பது நமக்குத் தெரியாததா?

டிசம்பர் 20 அன்று இன்டெல் இறங்கி வந்தது. கேட்டவருக்கெல்லாம் கேள்வி இல்லாமல் மாற்றித் தருவதாக அறிவித்தது. அதற்காக அது ஒதுக்கிய தொகை 47 கோடியே 50 லட்சம் டாலர். அப்போது நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ குரோவ், பின்னாளில் தன் நூலில் இந்த அனுபவத்தை விரிவாக எழுதினார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. நவம்பரிலேயே "மாற்றித் தருகிறோம்" என்று சொல்லியிருந்தால் செலவு ஆகியிருக்கும், பெயர் கெட்டிருக்காது. பெயர் கெட்ட பிறகும் அதே செலவைச் செய்ய வேண்டி வந்தது.

2. பூட்டிய பேரேட்டைப் படித்த கதை (2018)

2018 ஜனவரி 3 அன்று மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரண்டு குறைகள் வெளியாயின. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர் யான் ஹார்ன், ஆஸ்திரியா நாட்டின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார், இன்னும் சில ஆய்வாளர்கள் தனித்தனியே இவற்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். இதில் கணக்குத் தப்பவில்லை, ரகசியம் கசிந்தது. 1995க்குப் பிறகு வந்த இன்டெல் பிராசஸர்களில் பெரும்பாலானவற்றில் மெல்ட்டவுன் குறை இருந்தது. ஸ்பெக்டர் குறை இன்டெல், ஏ.எம்.டி., ஏ.ஆர்.எம். என மூன்று வகையிலும் இருந்தது.

இதை நம் கடை பாஷையில் சொல்கிறேன். பெரிய மொத்தக் கடை ஒன்று. முதலாளியின் ரகசியப் பேரேடு உள்ளே இருக்கிறது. வெளியார் யாரும் பார்க்கக் கூடாது. கடைப் பையன் படுசுறுசுறுப்பு. முதலாளி உத்தரவு வரும்வரை காத்திருந்தால் நேரம் வீண் என்று, உத்தரவு வரும் என்ற ஊகத்தில் வேலையை முன்கூட்டியே செய்துவிடுவான். பிராசஸரின் வேகத்துக்கு முக்கியமான காரணங்களில் இந்த முன்கூட்டி வேலையும் ஒன்று.

ஒரு தந்திரக்காரன் வருகிறான். "பேரேட்டில் என்ன எண் இருக்கிறதோ, அந்த எண் வரிசையிலுள்ள மூட்டையைக் கொண்டு வா" என்கிறான். பையன் பேரேட்டை எட்டிப் பார்க்கிறான், எண் 7. ஏழாம் வரிசை மூட்டையைக் குடோனிலிருந்து கடை முகப்புக்குக் கொண்டுவந்து வைக்கிறான். அதற்குள் முதலாளி, "இந்த ஆளுக்கு ஒன்றும் சொல்லாதே" என்று தடுத்துவிடுகிறார். பையனும் வாய் திறக்கவில்லை. ஆனால் மூட்டை முகப்பிலேயே கிடக்கிறது.

தந்திரக்காரன் இப்போது ஒவ்வொரு வரிசை மூட்டையாகக் கேட்கிறான். முதல் வரிசை மூட்டை வரப் பத்து நிமிடம். இரண்டாவதற்கும் பத்து நிமிடம். ஏழாவது மட்டும் கேட்டவுடனே வருகிறது. பேரேட்டில் இருந்த எண் 7 என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை, நேரம் காட்டிக்கொடுத்துவிட்டது. கம்ப்யூட்டரில் இந்தக் கடை முகப்புக்குக் கேஷ் மெமரி என்று பெயர். மெல்ட்டவுன் வேலை செய்த விதம் இதுதான். ஸ்பெக்டர், பையனின் ஊகத்தையே தவறான வழியில் பழக்கிவிடும் தந்திரம்.

ஆய்வாளர்கள் 2017 ஜூன் மாதமே நிறுவனங்களுக்குத் தகவல் கொடுத்திருந்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே சொல்லாமல் இருந்தது, அதற்குள் மருந்து தயாரிப்பதற்காக. 1994இல் மறைத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. திருத்துவதற்காகச் சில நாள் பொறுத்திருப்பது வேறு. விற்றுத் தீர்ப்பதற்காக மூடி வைப்பது வேறு.

மருந்தும் லேசாக இருக்கவில்லை. திருத்திய சாப்ட்வேரால் சில வேலைகளில் மெஷின் மெதுவாயிற்று. ஏ.எம்.டி. பிராசஸர் வைத்த சில பழைய மெஷின்கள் எழுந்திருக்கவே இல்லை. மைக்ரோசாப்ட் அவற்றுக்கு அனுப்புவதைச் சில நாள் நிறுத்தி வைத்தது. இன்டெல்லும் தான் கொடுத்த திருத்தத்தால் சில மெஷின்கள் தானாக நின்று மறுபடி எழுவதைக் கண்டு, ஜனவரி 22 அன்று அதைப் போட வேண்டாம் என்று சொல்லிப் பிறகு சரிசெய்தது.

3. மெல்ல வெந்துபோன பிராசஸர்கள் (2024)

2022இலும் 2023இலும் வந்த இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை மேஜைக் கம்ப்யூட்டர் பிராசஸர்களில், குறிப்பாக விலை உயர்ந்தவற்றில், விளையாட்டு ஆர்வலர்கள் ஒரு தொல்லையைக் கண்டார்கள். விளையாட்டு நடுவிலே நின்றுபோகும். திரையில் "வீடியோ மெமரி போதவில்லை" என்று வரும். அதை நம்பினால் பழி கிராபிக்ஸ் கார்டின் மேல்தான் விழும். அந்தக் கார்டுக்குச் சிப் செய்யும் என்விடியா நிறுவனம், இப்படித் தொல்லை வந்தால் இன்டெல்லைக் கேளுங்கள் என்று 2024 ஏப்ரலில் வழிகாட்டியது.

2024 ஜூலை 22 அன்று இன்டெல் காரணத்தைச் சொன்னது. பிராசஸருக்குள் இருக்கும் மைக்ரோகோடு என்ற கட்டளைத் தொகுப்பு, வேண்டியதைவிட அதிக வோல்டேஜைக் கேட்டு வாங்கியிருக்கிறது. அதிகச் சூட்டிலும் அதிக மின்னழுத்தத்திலும் உள்ளிருக்கும் பகுதி நாளடைவில் பலம் இழந்திருக்கிறது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தம் வந்தது. ஆனால் கெட்டுப்போன பிராசஸரை அது குணமாக்காது. நல்லதைக் காப்பாற்றும், அவ்வளவுதான். உத்தரவாதக் காலத்தையும் மேலும் இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அட்டைப் பெட்டியோடு வாங்கியவர் இன்டெல்லையே நேரில் கேட்கலாம். பெட்டி இல்லாமல் தட்டுச் சரக்காக வந்த பிராசஸராக இருந்தால், மெஷினைச் செய்து கொடுத்தவரையோ விற்றவரையோதான் கேட்க வேண்டும். நூறு ரூபாய் மலிவு என்று வாங்கும்போது இந்த வித்தியாசம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

கடைக்காரர் செய்ய வேண்டியவை

1. மெஷின் திடீரென்று நின்றால் உடனே பிராசஸரைக் குறை சொல்ல வேண்டாம். அது கெடுவது அபூர்வம். யு.பி.எஸ். பேட்டரி, உள்ளிருக்கும் பவர் சப்ளை, மின்விசிறியில் அடைந்த தூசி, ரேம், ஹார்ட்டிஸ்க் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். மாவு, மிளகாய்த்தூள், சிமெண்ட் விற்கும் கடைகளில் தூசிதான் முதல் எதிரி.

2. காலையில் மெஷினைப் போட்டதும் தேதி பழைய தேதிக்குப் போயிருந்தால், உள்ளே இருக்கும் சி.ஆர். 2032 என்ற சிறிய பேட்டரியை மாற்றுங்கள். அதைக் கவனிக்காமல் பில் போட்டால் பில் தேதியெல்லாம் மாறி, வரிக்கணக்கில் சிக்கல் வரும்.

3. ஹார்ட்டிஸ்க் சத்தம் போட்டாலோ, பைல் திறக்க அதிக நேரம் எடுத்தாலோ, ரிப்பேருக்கு ஆள் வருமுன் கணக்கை வேறு இடத்தில் நகல் எடுங்கள். எப்போதும் இரண்டு நகல் வேண்டும். ஒன்று கடைக்கு வெளியே இருக்க வேண்டும்.

4. விண்டோஸ் தரும் திருத்தங்களைத் தடுத்து வைக்காதீர்கள். பிராசஸர் குறைகளுக்கான மருந்தில் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் வருகிறது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் பொதுவான ஆதரவு முடிந்துவிட்டது. இன்னும் அவற்றிலேயே வங்கிக் கணக்கைத் திறப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

5. பயாஸ் திருத்தம் போடும்போது கரண்ட் போகக் கூடாது. யு.பி.எஸ். நன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்கச் சொல்லுங்கள்.

6. புது மெஷின் வாங்கும்போது பிராசஸர், ரேம், டிஸ்க் ஆகியவற்றின் பெயரும் வரிசை எண்ணும் பில்லில் இருக்கட்டும். பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள்.

7. வாரத்தில் ஒரு நாள், ஒரு பெரிய பில்லைக் கையால் கூட்டிச் சரிபாருங்கள். வாய்ப்பாடு மறக்காமல் இருப்பதற்கும் அது நல்லது.

விற்பவருக்கு ஒரு வார்த்தை

மூன்று சம்பவங்களையும் சேர்த்துப் பாருங்கள். குறையை வெளியே கொண்டுவந்தவர்கள் ஒரு பேராசிரியர், சில ஆய்வாளர்கள், விளையாட்டுப் பிரியர்கள். தொழிற்சாலைக்குள் எத்தனை சோதனை செய்தாலும், சரக்கின் கடைசிச் சோதனை வாங்கியவர் வீட்டில்தான் நடக்கிறது. ஆகவே குறை சொல்லி வருபவரை எதிரியாகப் பார்க்கக் கூடாது. சம்பளம் வாங்காமல் நம் சரக்கைச் சோதித்துக் கொடுப்பவர் அவர்.

மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளாக நான் பார்த்த வரையில், ஒரு லாட் சரக்குக் கெட்டுவிட்டது என்றால் சண்டை சரக்கின் விலைக்காக வருவதில்லை. "நீ சரியாக வைத்திருக்க மாட்டாய்" என்ற ஒரு வார்த்தைக்காக வருகிறது. சில்லறைக் கடைக்காரர் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தால், லாட் நம்பரைப் பார்த்து முதலில் மாற்றிக் கொடுங்கள். அதே லாட் வேறு யாருக்குப் போயிருக்கிறது என்று பேரேட்டைப் பார்த்து, அவர்கள் கேட்குமுன் நீங்களே போன் செய்து சொல்லுங்கள். பிறகு மில்லிலோ கம்பெனியிலோ நம் பங்கைக் கேட்டு வாங்கலாம். யாருக்கு நஷ்டம் என்ற கணக்கை நமக்குள் வைத்துக்கொள்வோம். வாங்கியவர் தலையில் அதை ஏற்ற வேண்டாம்.

47 கோடியே 50 லட்சம் டாலரைத் தாங்கும் சக்தி இன்டெல்லுக்கு இருந்தது. நம்மில் பலருக்கு இருப்பது ஒரு கடையும் ஒரு பெயரும் மட்டுமே. கடையை வங்கிக் கடனில் திரும்பக் கட்டலாம். பெயருக்குக் கடன் கொடுக்கும் வங்கி கிடையாது.