வண்டிவீட்டில் ஓர் எழுதுமேசை

பிரித்தானியக் கடற்படையில் வைத்தியராகப் பணியாற்றி இளைப்பாறிய கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பார் சிறுவர்க்கு வீரக்கதைகள் பல எழுதியவர். அவர் 1885ஆம் ஆண்டிலே பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலை ஒன்றிலே தமக்கென ஒரு வண்டிவீடு செய்வித்தார். நீளம் ஏறத்தாழ 18 அடி. நிறை ஏறத்தாழ 2 தொன். இரு குதிரைகள் பூட்டிய அவ்வண்டியிலே தென்னிங்கிலாந்திலிருந்து ஸ்கொத்லாந்தின் இன்வெர்னெஸ் வரை சென்றார். அப்பயணத்தை 1886இல் நூலாகவும் வெளியிட்டார். உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் வண்டிவீடு அதுவெனக் கூறுவர். எமக்கோ, அஃது ஓர் எழுத்தாளன் தன் தொழிலையும் உடன்கொண்டு சென்ற வண்டி என்பதே சிறப்பாகத் தோன்றுகின்றது.

குதிரை போய் மோட்டார் வந்தபின் அவ்வண்டிவீடு காருக்குப் பின்னே கொளுவி இழுக்கப்படுவதாயிற்று. இங்கிலாந்தில் அதனைக் கரவன் என்பர். அமெரிக்காவிலும் கனடாவிலும் டிரெயிலர் என்பர். அதனுள்ளே படுக்கலாம், சமைக்கலாம், உண்ணலாம். ஆனால் நாள்தோறும் ஆறேழு மணிநேரம் அமர்ந்து வேலை செய்யலாமா என்னும் வினாவே இக்கட்டுரைக்குப் பொருள். 2020இல் பெருந்தொற்று வந்து அலுவலகங்கள் பூட்டப்பட்டபின் பலர் இதனை வினவத் தலைப்பட்டனர். 2021இல் எயர்ஸ்ட்ரீம் என்னும் அமெரிக்க நிறுவனம் தனி எழுத்தறையோடு கூடிய வண்டியொன்றை விற்பனைக்கு விட்டது. அஃது 30 அடி வகையைச் சேர்ந்த பெரிய வண்டி. 30 அடியில் அறை வகுப்பது பெரிய காரியமன்று. 16 அடியில் என் செய்வது?

இவ்வினாவை எம்மிடம் கொணர்ந்தவர் எம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவரே. அவர் மனைவியார் மேற்குக் கனடாவிலே தாதி. வைத்தியசாலைகள் அழைக்குந்தோறும் மும்மாதம் ஓரூர், மும்மாதம் வேறூர் எனச் சென்று பணிபுரிபவர். இவரோ பத்திரங்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் பெயர்த்துக் கொடுத்துப் பொருளீட்டுபவர். இளவேனில் தொடங்கி இலையுதிர்காலம் வரை இருவரும் 16 அடி வண்டியொன்றில் வாழ்ந்தனர். முதலாண்டு முடிவில் இவருக்கு முதுகுநோவு கண்டது. ஒப்புக்கொண்ட தவணைகளும் தவறின. வண்டியை விற்று ஆளுக்கோரூரில் இருப்பதா, தொழிலை விடுவதா என்னும் நிலை வந்தபோதுதான் வண்டியின் அளவுகளைத் தாளில் எழுதி எமக்கு அனுப்பினார். நாம் தமிழாசிரியரேயாயினும், எம்மருகே மரவேலை ஆசிரியரும் கணிதம் கற்கும் மாணவரும் இருந்தனர்.

வண்டியின் உள்ளறை 12 அடி 6 அங்குல நீளமும் 6 அடி 6 அங்குல அகலமும் உடையது. 16 அடி என்னும் கணக்கில் முன்னேயுள்ள இழுவைத்தண்டும் அடங்கிவிடும் என்பதை வண்டி வாங்குவோர் மறத்தலாகாது. பின்புறத்தே எதிரெதிராக இரு வாங்குகளும் இடையே ஒரு மேசையும் இருந்தன. இரவில் மேசையைத் தாழ்த்தி மெத்தை பரப்பினால் அதுவே கட்டில். முன்புறச் சுவரோரம் ஒரு நீண்ட சாய்வாசனம். இடையே ஒரு புறம் குசினி, மறுபுறம் ஆடை அலுமாரியும் வாயிலும்.

குறை எங்கேயெனின், மேசையிலேதான். காலையிற் படுக்கையைச் சுருட்டி மேசையை உயர்த்தல் வேண்டும். உண்டபின் துடைத்துப் பத்திரங்களையும் மடிக்கணினியையும் பரப்பல் வேண்டும். நண்பகலில் மீண்டும் ஒதுக்கல் வேண்டும். இரவிலே முற்றாக அகற்றல் வேண்டும். பாதியிற் கிடக்கும் வேலையைப் பாதியிலே விட்டெழ இயலாத இடத்தில் எவரும் நெடுநாள் வேலை செய்யார். விரித்த அகராதி விரித்தபடி கிடக்கவேண்டும். வண்டிவீட்டுச் சிறுநூல்களிலே ஒரே பலகை மேசையாகவும் கட்டிலாகவும் படியாகவும் மாறும் விந்தைகளைப் படம் வரைந்து காட்டுவர். பார்க்க அழகு, வார இறுதிப் பயணத்துக்கு நன்று. அதிலிருந்து சோறு உண்ண வேண்டியவனுக்கு அவை உதவா என்பதே எம் துணிபு.

ஆகவே எழுதுமேசையைக் கலையாத மேசையாக்குவதென்றும், அதன்பொருட்டு வேறொன்றை இழப்பதென்றும் முடிவு செய்தோம். எதனை இழப்பது? விருந்தினர் அமரும் சாய்வாசனத்தை. வண்டியில் வாழும் இருவருக்கு ஆண்டில் எத்தனை விருந்தினர் வருவர்? பின்புற மேசையும் எடுக்கப்பட்டு, அவ்விடம் நிலைத்த கட்டிலாயிற்று.

அடுத்து வண்டியை அளப்பதன் முன் ஆளை அளத்தல் வேண்டும். கதிரையில் அமர்ந்து பாதம் இரண்டும் நிலத்திற் படிந்திருக்க, மேற்கை தொங்க, முழங்கை செங்கோணமாக மடிய, அம்முழங்கையின் உயரமே மேசையின் உயரம். கடைகளில் விற்கும் மேசைகள் 29 அல்லது 30 அங்குலம்; அவை உயர்ந்தோர்க்கானவை. இவருக்கு 27½ அங்குலம் பொருந்திற்று. முதுகுநோவுக்குக் காரணமும் இங்கே வெளிப்பட்டது. உணவு வாங்கின் பஞ்சு அமரும்போது இரண்டு மூன்று அங்குலம் அமிழ்ந்துவிடும், மேசை அமிழாது. ஆதலின் தோள் நாள்முழுதும் தூக்கியபடி இருந்திருக்கின்றது. மேசையின் ஆழம் 20 அங்குலம், நீளம் 38 அங்குலம் எனக் கொண்டோம். மடிக்கணினிக்கும் விரித்த அகராதி ஒன்றுக்கும் அது போதும்.

பின்னர் மரவேலை அறையின் தரையிலே வண்டியை அதன் உண்மையளவில் வெண்கட்டியால் வரைந்தோம். வாங்குகளை அடுக்கிக் கட்டிலும் குசினியும் ஆக்கினோம். மாணவர் ஒருவரைக் கதிரையில் இருத்தி, இன்னொருவரைக் கையில் தட்டோடு அவருக்குப் பின்னால் நடக்கச் செய்தோம். தாளில் வரைந்தபோது தோன்றாதன எல்லாம் தரையிலே தோன்றின. மேசையை முன்சுவரோடு வைத்தால் மேசைக்கு 20 அங்குலமும் கதிரை பின்வாங்க 28 அங்குலமுமாக நீளத்திலே 4 அடி போய்விடுகின்றது. பக்கச் சுவரோடு வைத்தாலோ கதிரை பின்வாங்கும் இடமும் நடைபாதையும் ஒன்றாகிவிடுகின்றன. வண்டி செல்லும் திசையில் வலச்சுவரைத் தெரிந்தோம். அதனால் முன்யன்னலின் வெளிச்சம் இடப்புறமிருந்து விழும். வலக்கையின் நிழல் எழுத்தின்மேற் படாது. எதிர்ச்சுவரோரம் 16 அங்குல அகலத்தில் ஒரு பெட்டகம். அதுவே உண்ணும்போது இருக்கை. இடையே 42 அங்குலம் எஞ்சிற்று. மேசையின் கீழே குறுக்குச் சட்டம் வைத்தால் முழங்கால் இடிக்கும் என்பதையும் அம்மாணவரே கண்டு கூறினார்.

இனி, வண்டிவீட்டின் சுவர் வீட்டுச் சுவரன்று. வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய ஒட்டுப்பலகை, இடையே சிறு மரச்சட்டங்களும் வெப்பங்காவலியும்; அவ்வளவே. வெறும் பலகையில் முடுக்கிய திருகாணி வண்டி குலுங்கக் குலுங்கக் கழன்றுவிடும். சட்டம் உள்ள இடத்தைத் தட்டிப் பார்த்தறிந்து, அதன்மேல் ஒரு நீள்சட்டத்தை இறுக்கி, மேசையின் பின்விளிம்பை அதிலே ஏற்றல் வேண்டும். முன்விளிம்பின் பாரத்தைத் தரையில் ஊன்றிய கால்களே தாங்கவேண்டும். அரை அங்குல ஒட்டுப்பலகையிற் செய்தால் மேசைத்தட்டு நாலு கிலோவைத் தாண்டாது. தேக்கு மேசை கொண்டுசெல்ல ஆசைப்படுவோர் அடுத்து வரும் கணக்கைப் பார்க்க.

வண்டியின் வெறுநிறை 1,150 கிலோ. சட்டப்படி ஏற்றத்தக்க மொத்த நிறை 1,500 கிலோ. எஞ்சுவது 350. தண்ணீர் 100 இலீற்றர் என்றால் 100 கிலோ, எரிவாயு உருளை இரண்டுக்கு 34, மின்கலவடுக்குக்கு 28. ஆக, 188 கிலோவுக்குள் உடை, உணவு, பாத்திரம், மேசை, நூல் அனைத்தும் அடங்கல் வேண்டும். தட்டில் ஓரடி நீளம் அடுக்கிய நூல்கள் ஒன்பது பத்துக் கிலோ நிறுக்கும். அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்டெயின்பெக் 1960இல், இழுவை வண்டியில் அன்று, சிறுவீடு ஏற்றிய பாரவண்டி ஒன்றிலே தம் நாட்டைச் சுற்றினார். அப்பயணத்தில் நூல்கள் மட்டும் 150 இறாத்தல் ஏற்றிச் சென்றதாக அவரே எழுதியுள்ளார். இழுவை வண்டியில் அது பெரும் ஆடம்பரம். எம் மாணவர் ஐந்து அகராதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கணினியில் ஏற்றிவிட்டார்.

எவ்வளவு பாரம் என்பதிலும் எங்கே பாரம் என்பது பெரிது. எம் நாட்டு மாட்டுவண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வதையே இங்கும் கருதுக. பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பும். இழுவை வண்டியிலோ பின்பாரம் மிகுந்தால் விரைந்து செல்கையில் வண்டி பாம்புபோல் நெளிந்து, இழுக்கும் காரையும் புரட்டிவிடும், உயிர்கள் போயிருக்கின்றன. ஆதலால் மொத்த நிறையில் 10 முதல் 15 நூற்றுவீதம் கொளுவியின்மேல் அழுந்தவேண்டுமென வட அமெரிக்காவிற் கூறுவர். சக்கரத்துக்கு ஐந்தடி பின்னே 50 கிலோ நூல்களை வைத்தோம் என்க. கொளுவி சக்கரத்துக்குப் பத்தடி முன்னே உள்ளது. 50ஐ 5ஆற் பெருக்கிப் பத்தால் வகுக்க, கொளுவியின்மேல் 25 கிலோ குறையும். நெம்புகோல் விதியைப் பாடமாக்கிய மாணவர் இக்கணக்கைத்தான் மறவாதிருக்கின்றனர். மேசை முன்புறத்தே அமைந்தது இவ்வகையில் நன்றாயிற்று. எனினும் உருளைகளும் மின்கலவடுக்கும் ஏற்கெனவே முன்னே இருத்தலால் முன்பாரமும் மிகாதபடி, எடுத்த சாய்வாசனத்தின் நிறையையும் வைத்த பொருள்களின் நிறையையும் ஒப்பிட்டுப் பார்த்தோம்.

மின்சாரம் பற்றிச் சுருங்கக் கூறுவோம். மடிக்கணினி 50 உவாற்று, ஏழு மணிநேரத்துக்கு 350 உவாற்றுமணி, இணையக் கருவி 10 உவாற்று, எட்டு மணிநேரத்துக்கு 80, விளக்குக்கு 20. மொத்தம் 450. பன்னிரண்டு உவோற்று, 100 அம்பியர்மணி ஈய மின்கலவடுக்கு 1,200 உவாற்றுமணி கொள்ளுமாயினும், பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், பயன்படுவது 600. இலிதிய வகையில் பெரும்பகுதியையும் பயன்படுத்தலாம், நிறையும் பாதிக்குக் குறைவு, விலைதான் கூட. இன்வேட்டர் வழியாக உயர் மின்னழுத்தமாக்கி, அதனை மீண்டும் கணினிக்கெனத் தாழ்த்துவது வீண்செலவு. மின்கலவடுக்கிலிருந்து நேரே கணினிக்குக் கொடுக்கும் சிறு கருவி உண்டு. கூரையிலே 200 உவாற்றுச் சூரிய மின்தகடு வைத்தால் கோடையின் நல்ல வெயிலில் 600 முதல் 800 உவாற்றுமணி வரை கிடைக்கும். நிழலுக்காக மரத்தின்கீழ் வண்டியை நிறுத்துவோர் இதனை இழப்பர்.

வேலைக்காகக் கதவடைத்து நெடுநேரம் இருப்பவன் காற்றைக் கவனித்தல் வேண்டும். குளிர் காயும் பொருட்டுச் சமையல் அடுப்பை எரியவிடுவது கொடிது. எரிவாயு முற்றாக எரியாவிடின் காபனோரொட்சைட்டு உண்டாகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறக்கம்போல் வந்து உயிரைக் கொண்டுபோகும். அதனை அறிந்து ஒலியெழுப்பும் கருவி எவ்வண்டியிலும் இருத்தல் வேண்டும். தரையிலும் கூரையிலுமுள்ள காற்றுத் துவாரங்களைப் பெட்டகத்தாலோ நூலாலோ மறைத்தலாகாது. ஆபத்தில் வெளியேறுதற்கென அமைந்த யன்னலின்முன் மேசை போடலுமாகாது. இவ்விரண்டிலும் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை.

வண்டியை நிறுத்தியவுடன் மட்டம் பார்த்து, நான்கு மூலைகளிலுமுள்ள ஊன்றுகால்களை இறக்கல் வேண்டும். இறக்காவிடின் ஒருவர் நடக்க மற்றவர் எழுத்து ஆடும். ஓடும்போது திறவாதபடி இலாச்சிகளுக்குப் படகுகளில் உள்ள முறையே சிறந்தது: இலாச்சியின் அடியிலே ஒரு வெட்டு, மூடியபின் அது சட்டத்திலே விழுந்து பொருந்திக்கொள்ளும், சற்றே தூக்கி இழுத்தாலன்றி வராது. இதற்குப் பூட்டும் வேண்டாம், காந்தமும் வேண்டாம்.

இவையெல்லாம் முடிய மூன்று வார இறுதிகள் சென்றன என எழுதியிருந்தார். மனைவியார் இரவுக் கடமை முடிந்து பகலில் உறங்கும்போதும் கட்டிலைக் கலைக்காமல் இவர் வேலை செய்யக் கூடுவதாயிற்று. அவ்வசதியை நாம் திட்டமிட்டிருக்கவில்லை. இடையே ஒரு கனத்த திரைச்சீலை மட்டும் தொங்கவிட்டிருக்கின்றனர். பயணம் புறப்படும் நாளில் அகராதிகள் பெட்டகத்துட் புகும். மடிக்கணினி காரிலே செல்லும். கதிரையை மட்டும் கட்டிலின்மேற் கிடத்திப் பட்டியாற் கட்டிவிடுகின்றனர்.