முற்றத்துக்கும் பூங்காவுக்கும் நடுவே ஓர் இல்லம்

லாச்சப்பல் மெற்றோ நிலையத்தில் இரண்டாம் இலக்கத் தொடரூந்தில் ஏறி மேற்குத் திசையாகச் செல்வோமாயின், எட்டாவது தரிப்பு மொன்சோ. எமது கடைத்தெருவின் இரைச்சலுக்கு இத்துணை அருகில், பாரிசு மாநகரின் எழில்மிகு இல்லங்களுள் ஒன்று ஒதுங்கி நிற்கின்றது. மொன்சோ வீதி 63ஆம் இலக்கத்திலுள்ள நிசிம் த கமொந்தோ அருங்காட்சியகமே அது.

இவ்வகை நகர மாளிகையைப் பிரெஞ்சு மக்கள் 'ஒத்தேல் பார்த்திக்குலியே' என்பர். 'ஒத்தேல்' என்றதும் தங்குவிடுதி என்று மாணவர் மயங்கலாகாது. முன்னே முற்றம், பின்னே பூங்கா, நடுவே வீடு என்பதே இதன் இலக்கணம். எம்மூர் நாற்சார் வீட்டிலோ முற்றம் நடுவிலிருக்க, வீடு அதனைச் சூழ்ந்து நிற்கும். அமைப்பு வேறாயினும், தெருவின் கண்ணுக்குத் தப்பி வாழும் விருப்பம் இரண்டுக்கும் பொதுவே.

கமொந்தோ குடும்பத்தினரும் எம்மைப்போல் வேற்றுமண்ணிலிருந்து வந்தவர்களே. இன்று இசுதான்புல் எனப்படும் நகரில் வங்கித்தொழில் புரிந்த யூதர்களான அவர்கள், 1869இல் பாரிசில் குடியேறினர். எம்மைப்போல் வெறுங்கையுடன் வரவில்லை என்பது வேறு கதை. அப்போது சிறுவனாயிருந்த மொயிசு, பிற்காலத்தில் பெற்றோரின் பழைய வீட்டை இடித்து, 1911 முதல் 1914 வரையான காலத்தில் இம்மாளிகையை எழுப்புவித்தார். வெர்சாயிலுள்ள சின்னத் திரியானோன் அரண்மனையை முன்மாதிரியாகக் கொண்டு இதனை வரைந்தவர் ரெனே செர்ழான் என்னும் கட்டடக் கலைஞர்.

மொயிசு தம் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்தவை 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தளபாடங்கள், கம்பளங்கள், வெள்ளிப் பாத்திரங்கள். அவற்றுக்குப் பொருந்தவே அறைகள் வகுக்கப்பட்டன. செவ்ர் பீங்கான்களுக்கெனத் தனியறை ஒன்றுண்டு. இயற்கை நூலறிஞர் புயுபோனின் நூலைத் தழுவிப் பறவைகள் தீட்டப்பட்ட தட்டுகள் அங்கே அடுக்கப்பட்டுள்ளன. விருந்தினர் இல்லாத நாள்களில் மொயிசு அவ்வறையிலேயே தனித்து உணவருந்துவார். பின்புறப் பூங்கா மொன்சோப் பொதுப்பூங்காவை அடுத்திருப்பதால், அதன் மரங்களும் இவ்வீட்டினவே போல் தோன்றும்.

இத்தனையும் மகன் நிசிமுக்காகவே. அவரோ முதலாம் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றி, 1917 செப்டெம்பர் 5ஆம் நாள் வான்சமரில் வீழ்ந்தார். மனமுடைந்த தந்தை, மகனின் பெயரைச் சூட்டி இல்லத்தைப் பிரான்சுக்கு வழங்க முடிவுசெய்தார். எப்பொருளையும் வைத்த இடத்திலிருந்து அகற்றலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை. 1935இல் அவர் மறைய, அடுத்த ஆண்டு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

எஞ்சியிருந்தவர் மகள் பெயாத்திரிசு. தமையன் பிரான்சுக்காக உயிரீந்ததும், தந்தை பெருங்கொடை அளித்ததும் அவரைக் காக்கவில்லை. நாசிகளின் ஆட்சியில் அவரும், அவர் கணவரும், பிள்ளைகள் பனியும் பேர்த்திரானும், எம்மவர் பலர் வாழும் லா கூர்நெவ்வுக்கு அருகிலுள்ள திரான்சி முகாமில் அடைக்கப்பட்டனர். பின்னர் அவுசுவிற்சுக்கு அனுப்பப்பட்டனர். ஒருவரும் மீளவில்லை.

ஊரில் எம் வீடுகள் பல இடிந்தன. அவற்றில் வாழ்ந்திருக்க வேண்டிய நாம் இங்கிருக்கிறோம். மொன்சோ வீதியிலோ தட்டொன்றுகூட இடம்பெயரவில்லை. வாயிலிலுள்ள நினைவுப் பலகையில் அந்நால்வரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மாணவர்கள் உள்ளே விரையுமுன் அதன்முன் சற்று நின்று வாசித்தல் வேண்டும்.