குளிர்கால ரயர் வாங்குமுன் பக்கச் சுவரைப் படியுங்கள்



எமது தொழில் அரிசி, மா, பருப்பு, மிளகாய்த்தூள். ரொறன்ரோவில் நெடுங்காலமாக மொத்த வியாபாரம் செய்கிறோம். ரயர் எமது சரக்கல்ல. அப்படியிருக்க ரயரைப் பற்றி எழுத வந்தது ஏன் என்று கேட்பீர்கள். நாம் ஒரு தடவை மிக மோசமாக ஏமாந்தோம். வேறு யாரும் ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது. எமது கவலையீனமே எம்மை ஏமாற்றியது. அதனால்தான் எழுதுகிறோம்.

எமது மகன் 2015ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ. 328 செடான் ஒன்றைப் பழைய காராக வாங்கினான். நான்கு சில்லும் இழுக்கும் கார். அதில் 18 அங்குலச் சில்லும் கோடைக்கால ரயரும் இருந்தன. "குளிர்கால ரயர் வேண்டும் அப்பா" என்றான். நாமே வாங்கித் தருவதாகச் சொல்லி, பழைய ரயர் விற்கும் ஒரு இடத்தில் பேரம் பேசி, சில்லுகளுடன் நான்கு ரயரைப் பாதி விலைக்கும் குறைவாக வாங்கினோம். தரையில் படும் பக்கம் தேயவே இல்லை. தவாளிப்புகள் ஆழமாக இருந்தன. நல்ல கொள்வனவு என்று வீட்டில் பெருமையாகவும் சொன்னோம்.

2019 மார்கழியில் ஒரு காலை. முதல் நாள் விழுந்த பனி வீதியில் இறுகிக் கிடந்தது. மகன் கடை திறக்க வந்துகொண்டிருந்தான். ஸ்காபரோவில் ஒரு சந்தியில் சிவப்பு விளக்கு. வேகம் அதிகமில்லை. பிறேக்கை அழுத்தினான். கார் நிற்கவில்லை. சறுக்கிக்கொண்டே போய் நடைபாதையில் ஏறி விளக்குக் கம்பத்தில் மோதி நின்றது. சில அடி தள்ளிப் பேருந்துத் தரிப்பிடம். அங்கே ஒரு தாய், தள்ளுவண்டிலில் குழந்தையுடன் நின்றிருந்தார். அவர் கத்தவில்லை. வண்டிலைப் பின்னால் இழுத்தார், அவ்வளவுதான். மகன் அன்று முழுவதும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

காரைத் திருத்தியவர் எமக்குத் தெரிந்த தம்பி. காரை உயர்த்திவிட்டு எம்மைக் கூப்பிட்டார். "அண்ணை, இந்த ரயர் எப்ப செய்தது எண்டு பாத்தனீங்களோ?" என்று கேட்டார். ரயரின் உட்பக்கத்தைக் காட்டினார். அங்கே 4209 என்று இருந்தது. 2009ஆம் ஆண்டின் 42ஆவது வாரம். பத்து வயது கடந்த ரயர். நகத்தால் அழுத்திப் பார்த்தோம். மரம்போல் இருந்தது.

மா மூட்டையில் திகதி ஒரு மாதம் தவறினாலும் திருப்பி அனுப்புகிறவர்கள் நாம். மகனின் உயிரைத் தாங்கும் சரக்கில் திகதி பார்க்கவில்லை. அன்று தொடங்கிக் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை வரிசையாகத் தருகிறோம். இன்று எமது அங்கத்தவர் பலரின் வீட்டு வாசலில் இத்தகைய வேகச் செடான் நிற்கிறது. பயன்படும் என்று நம்புகிறோம்.

1. வேறு ரயர் ஏன்?

பனி விழுந்தால் மட்டும் குளிர்கால ரயர் தேவை என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. றப்பர் குளிரில் இறுகும். வெப்பநிலை சுமார் 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனதும் கோடை ரயரின் றப்பர் இறுகிப் பிடிமானத்தை இழக்கத் தொடங்குகிறது. குளிர்கால ரயரின் றப்பர் வேறு கலவை. கடும் குளிரிலும் மென்மையாகவே இருக்கும். அதன் கட்டைகளில் கத்தியால் கீறியதுபோல் நுண்ணிய வெட்டுகள் பல உண்டு. அவற்றின் விளிம்புகள்தான் பனியைக் கவ்விப் பிடிக்கின்றன.

வேகச் செடான்களில் வரும் கோடை ரயர் வெயில் வீதிக்கென்றே செய்தது. கடுங்குளிரில் ஓட்டினால் வெடிப்பு வரலாம் என்று சில உற்பத்தியாளர்களே எச்சரிக்கிறார்கள். ஆகவே இந்தக் கார்களுக்கு இது ஆடம்பரம் அல்ல.

"எனது கார் நான்கு சில்லும் இழுக்கும் கார், பயமில்லை" என்பாரும் உண்டு. நான்கு சில்லும் இழுப்பது புறப்படுவதற்கு உதவும். நிற்பதற்கு உதவாது. எல்லாக் கார்களுக்கும் நான்கு சில்லிலும் பிறேக் உண்டு. நிறுத்துவது ரயர்தான்.

2. பக்கச் சுவரில் படிக்க வேண்டியவை

முதலாவது, அடையாளம். மூன்று சிகரம் கொண்ட மலையும் அதனுள் பனித்துகளும் வரைந்திருக்க வேண்டும். 1999 முதல் வழக்கில் உள்ள இந்த அடையாளத்தைப் பெற, ரயர் பனியில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். "எம் + எஸ்" என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. அது தவாளிப்பின் வடிவத்தைக் குறிக்கும். பனிச் சோதனையில் தேறியதற்குச் சான்று அல்ல.

இரண்டாவது, திகதி. "டி.ஓ.ரி." என்று தொடங்கும் தொடரின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். இந்தத் தொடர் முழுமையாக ஒரு பக்கச் சுவரில் மட்டும் இருக்கலாம். அந்தப் பக்கம் உள்ளே போகும்படி பூட்டியிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. நாம் ஏமாந்தது இப்படித்தான். விற்பவரிடம் சில்லைப் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். புரட்டத் தயங்கினால் வேறு கடைக்குப் போங்கள். பத்து ஆண்டு கடந்த ரயரை, தேயாவிட்டாலும் மாற்ற வேண்டும் என்று பல உற்பத்தியாளர்கள் சொல்கிறார்கள். ஆறு ஆண்டு கடந்ததை வாங்குவதில்லை என்பது இப்போது எமது வீட்டு விதி.

மூன்றாவது, சுமையும் வேகமும். அளவுக்குப் பின்னால் "94 எச்" என்பதுபோல் இருக்கும். 94 என்றால் அந்த ரயர் 670 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீற்றர் வரை. கியூ 160, ரி 190, வி 240. சுமை எண் கார்க் கையேட்டில் உள்ளதற்குக் குறையவே கூடாது. குளிர்கால ரயருக்கு வேக எழுத்து சற்றுக் குறைவதைப் பல கையேடுகள் அனுமதிக்கின்றன. ஆனால் வேக எழுத்துக் குறையக் குறைய வளைவுகளில் கார் தளர்வாக நடக்கும். செடானின் ஓட்டத்தை விரும்புவோர் எச் அல்லது வி வாங்குவது நன்று.

3. எந்த அளவு?

இங்கேதான் கணக்குத் தெரிந்த வியாபாரிக்கு வேலை. குளிர்காலத்துக்குச் சில்லை ஓர் அங்குலம் குறைத்து, ரயரின் சுவரை உயர்த்துவது வழக்கம். உயர்ந்த சுவர் வீதிக் குழிகளில் சில்லைக் காக்கும். விலையும் குறையும். ஆனால் முழு விட்டம் மாறக் கூடாது. மாறினால் வேகமானி பொய் சொல்லும்.

225/45 ஆர் 18 என்பதை எடுப்போம். 225 என்பது மில்லிமீற்றரில் அகலம். அதில் நூற்றுக்கு 45 சுவரின் உயரம், அதாவது 101.25. மேலும் கீழும் சேர்த்து 202.5. சில்லு 18 அங்குலம், 25.4 ஆல் பெருக்க 457.2. கூட்டினால் 659.7 மி.மீ.

இப்போது 225/50 ஆர் 17. சுவர் 112.5, இரண்டுக்கும் 225. சில்லு 431.8. கூட்டினால் 656.8 மி.மீ. வித்தியாசம் 3 மி.மீற்றருக்கும் குறைவு, நூற்றுக்கு அரை வீதம்கூட இல்லை. ஆகவே 18க்குப் பதிலாக 17 பொருந்தும்.

சில செடான்களில் முன் ரயர் 225, பின் ரயர் 255 என்று அகலம் மாறி வரும். குளிர்காலத்துக்கு நான்கையும் ஒடுங்கிய ஒரே அளவாக வாங்குங்கள். அகன்ற ரயர் பனியின் மேல் மிதக்கும், ஒடுங்கியது பனியை வெட்டிக் கீழே இறங்கும். நான்கும் ஒன்றானால் முன்பின் மாற்றிப் பூட்டிச் சமமாகத் தேய்க்கவும் முடியும். எந்த அளவையும் கையேட்டிலோ சாரதிப் பக்கக் கதவோரத்திலோ உள்ள அட்டவணையோடு ஒப்பிட்ட பிறகே வாங்குங்கள்.

4. சில்லு வாங்கும்போது

தனிச் சில்லு வாங்குவது வீண்செலவு அல்ல. ஒரே சில்லில் ஆண்டுக்கு இரு முறை ரயரைக் கழற்றிப் பூட்டினால் கூலியும் போகும், ரயரின் ஓரமும் பழுதாகும்.

பார்க்க வேண்டியவை ஐந்து. ஒன்று, போல்ற் துளைகளின் வட்டம். எமது மகனின் காருக்கு 120 மி.மீ. வட்டத்தில் ஐந்து துளை. அதே 3 வரிசையில் 2019ஆம் ஆண்டு வந்த புதிய வடிவத்துக்கு 112. பெயர் ஒன்றென்பதால் சில்லும் ஒன்றென்று எண்ணாதீர்கள். இரண்டு, நடுத்துளை. அது பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் வளையம் வேண்டும். இல்லாவிட்டால் ஸ்ரியறிங் நடுங்கும். மூன்று, சில்லு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் அளவு. பிழைத்தால் ரயர் உரசும். நான்கு, பிறேக்குக்கு இடம். வேகச் செடான்களில் பிறேக் பெரிது. சிறிய சில்லு, முக்கியமாக இரும்புச் சில்லு, அதில் முட்டக்கூடும். ஒரு சில்லை வெறுமையாகப் போட்டுச் சுற்றிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஐந்து, காற்றழுத்த உணரி. உங்கள் காரில் அது சில்லுக்குள்ளே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் புதிய சில்லுகளுக்கும் தேவைப்படும்.

பளபளக்கும் குரோம் சில்லு வேண்டாம். வீதியில் கொட்டும் உப்பு அதை உரித்துவிடும். சாதாரண வர்ணம் பூசிய அலுமினியச் சில்லு போதும்.

5. இரண்டு போதாது

நான்கு ரயர் விலை கேட்டதும் "இரண்டு மட்டும் போடுவோம்" என்று தோன்றும். முன்னால் மட்டும் போட்டால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் சுழற்றும். பின்னால் மட்டும் போட்டால் திருப்பினாலும் கார் நேராகப் போகும். தராசின் ஒரு தட்டை மட்டும் சரி செய்து பயனில்லை.

6. பூட்டிய பிறகு

முதல் பனி விழுந்த அன்று ரயர்க் கடைக்குப் போவது, பொங்கலுக்கு முதல் நாள் கரும்பு வாங்கப் போவது போன்றது. வேண்டிய அளவு இருக்காது, இருந்தாலும் சொன்னதுதான் விலை. புரட்டாதி, ஐப்பசியில் வாங்கிவிடுங்கள். கார்த்திகை தொடக்கத்தில் பூட்டி, சித்திரையில் கழற்றுங்கள். வெயிலில் ஓட்டினால் மென்மையான றப்பர் விரைவில் தேயும்.

100 கிலோமீற்றர் ஓடிய பின் போல்ற்றுகளை அளவுச் சாவியால் மீண்டும் இறுக்கிப் பாருங்கள். வெப்பநிலை 5 அல்லது 6 பாகை இறங்க, காற்றழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும். 15 பாகையில் 35 நிரப்பியது, 15 பாகை உறைகுளிரில் 30க்கு இறங்கிவிடும். மாதம் ஒரு முறை, கார் ஓடுமுன் பாருங்கள். தவாளிப்பு ஆழம் 4 மி.மீற்றருக்குக் குறைந்தால் அடுத்த பனிக்காலத்துக்கு அந்த ரயரை நம்பாதீர்கள்.

கழற்றிய ரயரைப் பலர் கடையின் பின்னறையில், குளிரூட்டி மோட்டார்களுக்குப் பக்கத்தில் அடுக்குகிறோம். அது கூடாது. மின்மோட்டாரிலிருந்து வரும் ஓசோன் வாயு றப்பரை வெடிக்கச் செய்யும். வெயிலும் எண்ணெயும் படாத, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

7. சட்டமும் கணக்கும்

கியூபெக்கில் பதிவான கார்களுக்கு மார்கழி 1 முதல் பங்குனி 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 தை முதல், குளிர்கால ரயர் பூட்டுவோருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்கவேண்டும் என்று இங்கே விதி உண்டு. பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி உங்கள் முகவரிடம் கேளுங்கள். கேட்காதவர் பலர்.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். குளிர்கால ரயர் ஓடும் மாதங்களில் கோடை ரயர் தேய்வதில்லை. இரண்டு தொகுதி வாங்கினாலும் இரண்டும் நெடுநாள் உழைக்கும். சில்லின் செலவைத் தவிர மற்றது பெரும்பாலும் முன்கூட்டிக் கொடுக்கும் பணமே.

நல்ல ரயர் இருந்தால் எதுவும் நடக்காது என்று நாம் சொல்லவில்லை. கண்ணாடிபோல் உறைந்த வீதியில் எந்த ரயரும் வழுக்கும். இடைவெளி விட்டு, மெதுவாகப் போவதே முதல் காப்பு.

மகனின் காருக்கு அந்த வாரமே புதிய 17 அங்குலத் தொகுதி பூட்டினோம். பழைய நான்கும் கராச்சில் கிடந்தன. தை மாதம் ஒருவர் வந்து பார்த்து, "தேயவே இல்லையே, என்ன விலை?" என்று கேட்டார். நாம் கொடுத்த விலையையே தரத் தயாராக இருந்தார். பணம் திரும்பி வந்திருக்கும். ஆனால் காலாவதியான மாவை மூட்டை மாற்றி விற்பதும் இதுவும் ஒன்றல்லவா? அவருக்கு 4209 என்ற இலக்கத்தைக் காட்டி, அதன் பொருளைச் சொல்லி அனுப்பிவிட்டு, நான்கையும் மீள்சுழற்சிக்குக் கொடுத்தோம். போகும்போது அவர் தமது காரின் அருகில் குனிந்து, ரயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களும் இன்று வீடு போனதும் அதைச் செய்யுங்கள்.